சோற்றுப் பானை மூடி

கதவிலும் பஸ் இருக்கையிலும் தாளம் தட்டியே வளர்ந்த ராஃபேல் முதன்முதலாக வாங்கப்போகும் டிரம் செட், கோல சிலாங்கூர்ப் பழைய சாமான் கடையில், உட்கார்ந்து வாசிக்கும் முக்காலியோடு தூசி படிந்து நிற்கிறது. கையில் இருக்கும் வெள்ளிக் காசுக்கு, சிம்பல் என்னும் பெரிய பித்தளைத் தட்டு மட்டும் கட்டுப்படியாகாது. அதற்கும் அவன் மனைவி அகதா வழி வைத்திருக்கிறாள். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்த கூடையைத் திறந்து, சோற்றுப் பானை மூடியை எடுக்கிறாள். “இதுவும் வட்டம், அதுவும் வட்டம். என்னா வித்தியாசம் லா?” கடை முதலாளியான சீனத் தவுக்கே சிரித்துக்கொண்டே மூடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார். ராஃபேலுக்குக் காது மடல் சுடுகிறது. அவளே குச்சியால் அடிக்கிறாள். ணங்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மூடி வாயை மூடிக்கொள்கிறது. அடுத்து பித்தளைத் தட்டில் ஓர் அடி. அதில் விழுந்திருந்த மத்தியான வெயில் கூரைத் தகரத்தில் தெறித்து நடுங்குகிறது. ஓசை அலை அலையாய்க் கடை முழுக்கப் பரவுகிறது. அது தேய்ந்து அடங்கும்வரை, தூக்கிய குச்சியை இறக்காமல் வாய் பிளந்து நிற்கிறாள் அகதா. பிறகு மூடியை அவிழ்த்துக் கூடைக்குள் போடுகிறாள். “சோத்துப் பானைக்கு மூடி வேணும். தவுக்கே, அந்த முக்காலிய எடுத்துட்டு, அந்தக் காசுக்கு இந்தத் தட்டக் கட்டுங்க. இவரு பிஸ்கட் டின்னு மேல குந்திக்குவாரு.”