கோபம் தணிக்கும் பட்டை

கோபத்தைத் தணிக்கும் தலைப்பட்டை, நரம்பியல் விஞ்ஞானி செண்பகவல்லியின் முப்பதாண்டு ஆராய்ச்சியில் பிறந்தது. வெறி பிடித்துத் தவித்த நோயாளிகளுக்காக அவர் கண்டுபிடித்ததை, இப்போது ஆலைகள் எல்லாம் தொழிலாளர் தலையில் மாட்டியிருந்தன.

அவருக்குப் பாராட்டு விழா எடுத்த ஆலையில், வாசலில் வரவேற்ற தொழிலாளி ஏகாம்பரத்துக்கு வலது கையில் விரல்களே இல்லை.

"மெஷின்ல போச்சுங்க மேடம். அது பழுதுன்னு மூணு தடவை சொன்னேன், யாரும் கேக்கலை," என்று சிரித்தார்.

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"உங்க புண்ணியத்துல வரலைங்க."

செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேடையேறியதும், பொன்னாடையோடு வந்த முதலாளியின் கையைத் தட்டிவிட்டு மைக்கைப் பிடுங்கினார்.

"உங்க கோபத்தைத் திருடினது நான்தான். எல்லாரும் பட்டையைக் கழட்டி எறிங்க."

எதிரே இருந்த அறுநூறு பேரும் சிரித்த முகத்தோடு கைதட்டினார்கள்.