வலது சிறுநீரகத்தின் மானம்

பூந்தி என்கிற நாயின் இடது சிறுநீரகம் வேலையை நிறுத்தி ஆறு மாதமாகிறது. வலதுதான் ஒண்டியாளாக இரண்டு பேர் வேலையையும் இழுத்துக்கொண்டிருந்தது.

"ரத்தம் எடுக்கிற நாள் வரட்டும்டா தம்பி, உன் வண்டவாளமெல்லாம் டாக்டருக்குத் தெரிஞ்சுடும்" என்று தினமும் கறுவிக்கொண்டிருந்தது.

அந்த நாளும் வந்தது. பூந்தி ஆஸ்பத்திரிப் படி ஏறியதுமே வலதுக்கு மனசு கேட்கவில்லை. வெளியாள் முன்னால் குடும்ப மானம் போகலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு, என்றைக்குமில்லாத வேகத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பியது.

"கிட்னி நார்மலா இருக்கு. இனி அடுத்த வருஷம் வந்தா போதும்" என்றார் டாக்டர்.

அடுத்த வருஷமா! வலதுக்குத் தலை சுற்றியது.

தூங்கிக்கொண்டிருந்த இடது மெல்லச் சோம்பல் முறித்தது. "கேட்டியா அண்ணே? டாக்டரே சொல்லிட்டாரு. நீதான் சும்மா மூக்கால அழுதுட்டிருந்தே."