நாகேஷ் மாமாவின் விசில்

"அப்பா, நாகேஷ் மாமா இன்னைக்கு என்ன பண்ணாரு தெரியுமா?"

தினேஷுக்குச் சோறு கசந்தது. வீட்டில் தினமும் இதே பஜனைதான்.

காலையில் ஸ்கூல் தெருவுக்குள் லாரி வரக்கூடாது என்று ஸ்ரீராம்புரத்துப் பெற்றோர்கள் கமிட்டி போட்டு முடிவு செய்தார்கள். காவலுக்கு எதிர்வீட்டு நாகேஷை விசிலோடு ஸ்கூல் கேட்டில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து மகள் கீர்த்திக்கு அவன்தான் ஹீரோ. ஒழுங்காக மீசைகூட முளைக்காத ஹீரோ!

"தண்ணி லாரி ஒண்ணு பேய் மாதிரி வந்துச்சுப்பா. மாமா குறுக்கே நின்னு விசில் ஊதினாரு. டக்குனு நின்னுடுச்சு!"

"பிரேக் போட்டது டிரைவரு. பேரு மட்டும் இவனுக்கா?"

"அந்தப் படுபாவிக்கு வக்காலத்தா?" மனைவி மகா பாய்ந்தாள். "என் கையில கிடைக்கட்டும், இருக்கு அவனுக்கு! கமிட்டில எல்லாரும் கேட்டோம். ஆளைச் சரியாப் பாக்கலன்னுட்டாரு நாகேஷ் தம்பி."

மறுநாள் காலை தினேஷ் கேட்டுக்கே போய் நாகேஷை ஓரங்கட்டினான்.

"நேத்து லாரில என்னை நல்லாத்தானே பாத்தே? ஏன்டா சொல்லல?"

"கண்ணாடில வெயில் அடிச்சதுல கீர்த்திக்கு உங்க முகம் தெரியலண்ணா. 'டிரைவர் யாரு மாமா'ன்னு விடாமக் கேட்டா. அவகிட்ட எப்படிண்ணா சொல்றது?"



"டேங்கர் ஆளுங்க எல்லாரையும் கமிட்டிக்குக் கூட்டிட்டு வரேன். இனிமே மெயின் ரோட்டுலயே சுத்திப் போறோம்" என்றான் தினேஷ்.

"ரொம்ப சந்தோஷம்ணா!"

திரும்பி நடந்தவனுக்கு வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது. பாவி, நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே!