வடக்கே திரும்பிய டிஷ்

கடிகாரக் கடைக்காரர் மொட்டைமாடியில் மோட்டார் வைத்த டிஷ் ஆண்டெனாவைப் பொருத்த மூன்று நாள் மல்லுக்கட்டினார். ரிமோட்டை அழுத்தினால் அது ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் திரும்பும்.

"பக்கத்துல இருக்கறவ பேசினா காதுல விழல. வானத்துல பேசறது மட்டும் கேக்கணுமாக்கும்," என்று சொல்லிவிட்டு மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

சற்று நேரத்தில் டிஷ் அவர் தொடாமலே வடக்கே திரும்பியது. அந்தப் பக்கம் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. டிவியில் படம் வரவில்லை. சிக்னல் மட்டும் நூறு என்று காட்டியது. மோட்டாரின் ஒயரைக் கழற்றினார். அப்படியும் மாலை ஐந்து மணிவரை கொஞ்சங்கொஞ்சமாக நகர்ந்துதான் நின்றது. உடனே தொலைபேசி அடித்தது.

"வந்து சேர்ந்துட்டேன். கோவம் இன்னும் தீரல."

"தப்பு என்மேலதான். எப்ப வருவே?"

"பாக்கலாம்."

பத்து நாள் டிஷ் அசையவில்லை. அவர் தினமும் மாடிக்குப் போய் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினோராம் நாள் காலை, ஒயரில்லாத மோட்டார் முனகத் தொடங்கியது. அவர் கடையைத் திறக்கவில்லை. முகத்தை மழித்துக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

சொல்லாமல் வந்து இறங்கியவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தெருமுனை திரும்பியதும் அவர் அண்ணாந்து பார்த்தார். மாடியில் டிஷ் முகத்தைத் தாழ்த்தி, அவள் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் கூடவே திரும்பிக்கொண்டிருந்தது.