கலவன்

அந்த இடத்தில் இப்போது ஒரு குழிதான் இருந்தது.

கட்டைவிரல் நுழையும் அளவுக் குழி. அதிலும் உப்புத் தண்ணீர் ஊறி நிரம்பிவிட்டது.

அவர் வரப்பில் நின்று மறுபடி எண்ணினார். பதினாலாவது வரிசை. வடக்கிலிருந்து ஆறாவது. இடம் தப்பவில்லை. நேற்று மாலை அங்கே ஒரு நெற்பயிர் பச்சையாக நின்றது.

சுற்றிலும் எண்ணூறு பயிர் கருகி வைக்கோலாகிக் கிடக்க, அது ஒன்று மட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு வயலில் வேலையே இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்தவர்தான். பார்த்ததும் சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓர் அடையாள அட்டையைக் கட்டியிருக்கலாம். சட்டைப்பையில் அட்டை இல்லை. கைக்குட்டை இருந்தது. அதையாவது கட்டியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்வோம் என்று போய்விட்டார்.

படித்த முட்டாள் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

அவர் வேலை பார்க்கும் நெல் ஆராய்ச்சி நிலையமே கடல் செய்த வேலை. எப்போதோ ஒரு புயலில் கடல் ஊருக்குள் வந்து போனது. வயலெல்லாம் உப்பு பூத்தது. உப்பிலும் விளைகிற நெல் ஒன்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று, ஊர்க்காரர்களே முப்பது ஏக்கரைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

கொடுத்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நெல்தான் இன்னும் வரவில்லை.

அவர் இங்கே வந்து இது ஏழாவது வருடம். வருடம் தவறாமல் புதுக் கலப்பினங்களை நடுவார். உப்புத் தண்ணீர் பாய்ச்சச் சொல்வார். பிறகு அந்தப் பக்கம் போகமாட்டார். ஆசையாக நட்டது கருகுவதை நின்று பார்க்க மனம் வராது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை வந்து மதிப்பெண் போடுவார்.

இந்தக் கணக்கில் ஒன்று வாங்கினால் பிழைத்தது. ஒன்பது வாங்கினால் செத்தது.

ஆறு வருடமும் பதிவேடு முழுக்க ஒன்பது.

இந்தப் பருவத்தோடு ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்ளவும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்து பத்து நாளாகிறது. இந்த ஒரு பயிரைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

வரப்போரம் பிடுங்கிப் போட்ட குப்பை குவிந்து கிடந்தது. அவர் குனிந்து இரண்டு கையாலும் கிளறினார். கதிர் வருவதற்கு முன்பே போன பயிர். ஒரு மணி விதை தேறாது. ஆனால் வேர் காயாமல் கிடைத்தால் போதும், தொட்டியில் வைத்துக் காப்பாற்றிவிடலாம்.

வைக்கோல். கோரை. மறுபடியும் வைக்கோல்.

"என்ன சார் தேடுறீங்க?"

தையல்நாயகி. இருபது வருடமாகக் களை எடுப்பவள். விதைநெல் விளைவிக்கும் விதைப் பண்ணையில் இருந்தவளை, வேலை சுத்தம் என்று அவர்தான் கேட்டு வாங்கி இந்த வயலில் விட்டார். அவளுக்கும் ஊரில் இரண்டு மா நிலம் உண்டு. உப்பு பூத்துத் தரிசாகக் கிடக்கிறது.

"பதினாலாம் வரிசையில ஒண்ணு பச்சையா நின்னுச்சேம்மா."

"அதுவா? வெடிஞ்சதும் எடுத்துட்டேன் சார். நீங்க மார்க் போட வர்ற நாளாச்சே. பச்சையா இருக்கேன்னு கன்னுக்குட்டிக்குப் போட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தார்.

"அதை ஏன் எடுத்தீங்க?"

"கலவன் சார்."

அவர் குப்பையை விட்டு நிமிர்ந்தார்.

விதைப் பண்ணையில் அது வேதவாக்கு. எல்லாப் பயிரும் ஒரு மாதிரி நிற்க, ஒன்று மட்டும் வேறு மாதிரி நின்றால் அது கலவன். கண்ணில் பட்ட உடனே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். விட்டால் விதை கெட்டுப்போகும்.

இந்த வயலில் அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எண்ணூறையும் நடுவது.

அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் அவர்தான். களை எடுக்கிறவளிடம் ஆராய்ச்சியை விளக்கிக்கொண்டிருப்பார்களா என்ன? ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருடத்தில் ஒரு நாள், டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

சார் முகம் போன போக்கைப் பார்த்துத் தையல்நாயகி பயந்துவிட்டாள். வேலையில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று நினைத்தாள்.

"நான் ஒண்ணையும் விடுறதில்ல சார். போன வருசம் ரெண்டு நின்னுச்சு. அதுக்கு முந்தின வருசம் ஒண்ணு. நீங்க வந்து எறங்குறதுக்குள்ள சுத்தமா எடுத்துருவேன். ஒரு வருசமாவது இந்த வயல்ல கலவன் பாத்திருக்கீங்களா? நீங்களே சொல்லுங்க."

அவர் கையில் ஒட்டியிருந்த சேற்றைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"இல்லம்மா" என்றார். "ஒரு வருசம்கூடப் பாத்ததில்ல."

"அதானே" என்றாள் தையல்நாயகி.

அவள் முகம் தெளிந்துவிட்டது.