உச்சிப் பொட்டு

"ஹாராதன்தா, சாயங்காலத்துக்குள்ள இதை நேராக்கிக் குடுத்துடுங்க. இல்லேன்னா என் கதை முடிஞ்சுது!"

ஆறு வருடக் கல்கத்தா வாசத்தில் தேற்றிக்கொண்ட வங்க மொழியில் ஷியாமளா கெஞ்சினாள். பெஹாலாவில் அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் கார் என்னவோ நேராகத்தான் நின்றிருந்தது. ஸ்டியரிங் மட்டும், கழுத்து சுளுக்கிக்கொண்டதுபோல் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

மெக்கானிக் ஹாராதன் உள்ளே எட்டிப் பார்த்தார். "தாதா ஒண்ணும் சொல்லலையா, பௌதி?" அவருக்கு ஷியாமளாவின் கணவர் ரங்கராஜன் 'தாதா', அதாவது அண்ணன் முறை; அவள் 'பௌதி', அண்ணி முறை.

"அவருக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாரா?"

துறைமுக அலுவலகத்தில் அதிகாரியான ரங்கராஜன், நான்கு நாள் வேலையாக விசாகப்பட்டினம் போயிருந்தார். கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டுத்தான் போனார். "லைசென்ஸ் வந்துடுத்துன்னு வண்டியை எடுத்துடாதே. நான் வந்து பக்கத்துல உக்கார்ந்து சொல்லித் தரேன். ஒரு கீறல் விழுந்தாலும் சாவி பீரோவுக்குள்ள போயிடும், ஆமா!"

வாரத்தில் மூன்று நாள் டாக்குரியாவுக்குப் போய்ப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள் ஷியாமளா. பஸ்ஸில் நசுங்கி, ஆட்டோ மாறி, ஸ்ருதிப் பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் வந்து அலுத்துவிட்டாள். அந்தச் சாவிக்காகத்தான் டிரைவிங் ஸ்கூலில் அத்தனை திட்டும் வாங்கினாள். அவர் தலை மறைந்ததும் காரை எடுத்தாள். தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு பள்ளம். டம்! வண்டியை ஓரங்கட்டி, நேராக்கி, நிமிர்ந்து பார்த்தபோதுதான் ஸ்டியரிங் கோணலாக இருப்பது கண்ணில் பட்டது.

"ஒரே ஒரு பள்ளத்துல இவ்வளவு கோணாதே, பௌதி..." ஹாராதன் காதைச் சொறிந்தார்.

ஆறுதலுக்குச் சொல்கிறார், பாவம் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் ஷியாமளா.

ஸ்டியரிங் வளையத்தில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆயுத பூஜைக்கு அவள் ஒட்டியது. குங்குமம் வைத்தால் கையெல்லாம் ஒட்டுகிறது என்று ரங்கராஜன் அலுத்துக்கொண்டதால், தன்னுடைய பொட்டு அட்டையிலிருந்தே ஒன்றை உரித்து ஒட்டியிருந்தாள்.

"பூஜைப் பொட்டை நான் தொடுவேனா?" என்று ஹாராதன் கன்னத்தில் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார்.

சாயங்காலம் ஸ்டியரிங் சமர்த்தாக நிமிர்ந்திருந்தது. ஷியாமளா ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து, காரைப் பழைய இடத்திலேயே நிறுத்தினாள். சீட்டை அவர் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளினாள். கண்ணாடியைப் பழையபடி திருப்பினாள். காலடியில் விழுந்திருந்த ஹேர்பின்னைக்கூடத் தேடி எடுத்துக்கொண்டாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரிலிருந்து வந்த ரங்கராஜன் கூப்பிட்டார். "வா, முதல்ல நான் ஓட்டிக் காட்டறேன். கவனமாப் பார்த்துக்கோ."

நேர்ச்சாலைக்கு வந்ததும் சடாரென்று பிரேக் போட்டார்.

"ஷியாமளா! வண்டியை யார் எடுத்தா?"

"யா... யாரும் எடுக்கலையே."

"பொய் சொல்லாதே. பொட்டைப் பாரு! பூஜை அன்னிக்கு உச்சியில ஒட்டினே. இப்போ வண்டி நேராப் போறது, பொட்டு வலது பக்கம் இறங்கி நிக்கறது. யாரோ ஸ்டியரிங்ல கை வெச்சிருக்கா!"

சீட்டை யோசித்தாள், கண்ணாடியை யோசித்தாள், ஹேர்பின்னை யோசித்தாள், இதை யோசிக்கவில்லையே! ஷியாமளாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பள்ளத்தில் விட்டது, கோணியது, ஹாராதன் நிமிர்த்தியது எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஓட்டறவாளுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கணும். இருபது வருஷமா ஓட்டறேன், ஒரு இடி உண்டா? இனிமே சாவி பீரோவுக்குள்ளதான்!"

ஷியாமளா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொட்டைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றுபோயிற்று.

"ஏன்னா, ஒரு சந்தேகம். பூஜை அன்னிக்கு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கறதுக்கு வண்டியை நிறுத்தினது நீங்கதானே? நேராத்தானே நிறுத்தினேள்?"

"பின்னே? நூல் பிடிச்ச மாதிரி!"

"அப்போதான் நான் உச்சியில ஒட்டினேன். நான் பள்ளத்துல விட்டுத்தான் ஸ்டியரிங் கோணித்துன்னா, நிமிர்த்தினதும் பொட்டு பழையபடி உச்சிக்குன்னா வந்திருக்கணும்? ஏன் வரலை?"

ரங்கராஜன் பொட்டையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற டோட்டோ ரிக்‌ஷாக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

"அப்படின்னா பூஜைக்கு முன்னாடியே இது கோணல். கோணின வளையத்தோட உச்சியிலதான் நான் ஒட்டியிருக்கேன். அப்போ இந்த வண்டியை ஓட்டினது யாரு?"

"பூஜைக்கு நாலு நாள் முன்னாடி, பஞ்சமி அன்னிக்கு..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தாராதலாவில துர்கா பூஜைப் பந்தல் லைட்டைப் பார்த்துண்டே டிவைடர் மேல ஏத்திட்டேன். ஹாராதன் அன்னிக்கே நிமிர்த்தித் தரேன்னான். வண்டி எங்கேன்னு நீ கேப்பியேன்னு பயந்து விட்டுட்டேன்."

ஷியாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொட்டை நகத்தால் உரித்து, வளையத்தின் உச்சியில் அழுத்தி ஒட்டிவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுத்துட்டு இந்தப் பக்கம் வாங்கோ. நான் ஓட்டறேன், நீங்க கவனமாப் பார்த்துக்கோங்கோ."