இடவலம்

பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலையில் உலோகம் அழுத்தும் பிரஸ் ஓயாமல் அடித்தது. யாருடைய கையாவது சிக்கினால் மட்டும் நிறுத்துவார்கள். அது செங்கமலத்தின் வலது கையை மணிக்கட்டோடு நசுக்கித் துப்பியது. காயம் ஆறுமுன் மிச்சக் கையோடு வேலைக்கு வந்தாள். போர்க்கால உழைப்பை வரைய அரசு அனுப்பிய தேவசகாயம், அவளைப் பார்த்தபடியே செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, அச்செடுத்தான். தாளில் படம் இடவலம் மாறி விழுந்தது. போன வலது கை இருந்தது. மிஞ்சிய இடது கை இல்லை.

"போனதக் குடுத்துட்டு இருக்கிறதப் பிடுங்கிட்டீங்களே, நல்ல ஆளு!" என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "மாத்திடுங்க சார். இந்தக் கையும் போனா எம்புள்ளைக்கு யாரு சோறூட்டுறது?"

சங்கு ஊதியது. பிரஸ்ஸுக்கு ஓடினாள்.

தாளில் இடது கை திரும்ப வேண்டுமானால், தகட்டில் அந்த இடது கையையே சுரண்டி எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் கை கீற வேண்டும். தேவசகாயம் அதன் மணிக்கட்டில் கத்தியை வைத்து அழுத்தினான்.

பிரஸ் நின்றது.